எந்த ஆய்வு என்று கேட்டால் அது மரியாதைக் குறைவா?

கடந்த வாரம் எங்கள் ஆசிரியர் பயிற்சியில் நடந்தது இது. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளை மூன்றாகப் பிரித்து, அவரவர் பாணியில் நடத்தினால்தான் பாடம் மனத்தில் நிற்கும் என்று ‘ஆய்வுகள் சொல்கின்றன’ என்றார் பயிற்சி தந்த கருத்தாளர். எந்த ஆய்வு என்று கேட்டேன். “டீச்சர், பயிற்சிக்கு வந்தால் குறிப்பெடுத்துக்கொண்டு போங்கள், குறுக்குக் கேள்வி வேண்டாம்” என்றார். சக ஆசிரியர்கள் சிலர் சிரித்ததுதான் அதைவிட வலித்தது.

யார் செய்த ஆய்வு, எந்த வயதுப் பிள்ளைகளிடம், எதை அளந்தார்கள் என்று சொல்ல முடியாவிட்டால் அதற்குப் பெயர் உத்தரவு. உத்தரவு என்றே சொல்லுங்கள், நிறைவேற்றுகிறோம். அதற்கு ஆய்வின் பெயரைப் பூச வேண்டாம்.

இந்தக் கற்றல் பாணிக் கருத்தை ஹெரால்டு பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் 2008-இல் அலசி, பாணிக்கேற்பக் கற்பிப்பதால் கற்றல் கூடுகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். படிப்பதில் 10 சதவீதம், கேட்பதில் 20 சதவீதம் நினைவில் நிற்கும் என்ற முக்கோணப் படமும் அன்று திரையில் வந்தது. அதற்கு மூலமாகக் காட்டப்படும் கல்வியாளர் எட்கர் டேலின் 1946-ஆம் ஆண்டுக் கூம்பு வரைபடத்தில் ஒரு சதவீதக் கணக்குகூடக் கிடையாது.

‘அதெல்லாம் வெளிநாட்டு ஆய்வு, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வீட்டுப் பிள்ளைக்குப் பொருந்துமா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் அதைக் கருத்தாளரிடமும் கேட்க வேண்டும். 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்தில் நான் நடத்தும் ஏழாம் வகுப்பு கல்லூரி அல்ல என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் என் வகுப்பிலேயே செய்து பார்த்தேன். பாடம் தொடங்குமுன் புத்தகத்தை மூடச் சொல்லி, போன வாரப் பாடத்திலிருந்து சில கேள்விகள் கேட்பேன், மதிப்பெண் கிடையாது. விடியுமுன் அப்பாவுக்கு டார்ச் அடித்து, சிரட்டைகளில் உறைந்து ஒட்டிய ரப்பர் பாலை (ஒட்டுபால்) உரித்துவிட்டுத் தூக்கக் கண்ணோடு வரும் ஒரு பையன், செம்பருத்தியின் பாகங்களில் சூலகமுடியையும் சூற்பையையும் இடம் மாற்றி எழுதினான். பிறகு தானே புத்தகத்தைப் புரட்டி, அடித்துத் திருத்தினான். அடுத்த வாரம் கேட்டபோது சரியாக எழுதினான். ஒரு வகுப்பில் நடந்ததை ஆய்வு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ரோடிகர், கார்பிக்கி ஆய்வுக் கட்டுரையின் பெயர் தெரிந்ததால்தான் எதைச் செய்து பார்ப்பது, எதைக் கவனிப்பது என்று எனக்குத் தெரிந்தது.

அனுபவம் போதாதா என்பவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. எனக்கும் அனுபவம்தான் சோறு போடுகிறது. பள்ளி, மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவுக்கே நேரம் போதவில்லை, ஆய்வுக் கட்டுரையை எப்போது படிப்பது என்பதும் உண்மை. அதனால்தான் படித்துச் சரிபார்த்துவிட்டு வந்து பேசும் கடமை பயிற்சி தருபவருக்கு இருக்கிறது.

2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவர்களிடம் ஓர் ஆய்வின் பெயரைச் சொன்னால் புரியாது என்று எப்படி நினைக்கிறீர்கள்?

கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை அளந்து ஓர் ஆய்வு வந்தது. கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் 24 சதவீதம் அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தால் வந்தது என்றும் அது சொல்கிறது. தெருவிளக்கு வெளிச்சத்திலும் கோயில் திண்ணையிலும் பாடம் சொன்ன தன்னார்வலர்களின் உழைப்பு அந்த எண்ணில் இருக்கிறது. நான் போன எந்தப் பயிற்சியிலும் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதைத் தமிழில் நான்கு பக்கமாக அச்சடித்து அடுத்த பயிற்சியில் எங்கள் கையில் கொடுங்கள். அப்போதும் கேள்வி கேட்பேன், பதில் சொல்லத் தயாராக வாருங்கள்.