பெயர் படத்திலேயே இருக்கிறது

மெக்சிகோவின் காணிக்கை ஓவியங்களைப் பற்றி யார் எழுதினாலும் ‘வெள்ளந்தியான நாட்டுப்புறக் கலை’ என்று ஆரம்பித்து, அந்நாட்டின் புகழ்பெற்ற ஓவியர் ஃப்ரீடா காலோவில் கொண்டுபோய் முடிக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அந்தப் படங்களின் உயிர் அடியில் இருக்கும் நாலு வரி எழுத்தில் இருக்கிறது. அதைத்தான் யாரும் படிப்பதில்லை.

நோயோ விபத்தோ வந்தால் மாதாவிடமோ ஒரு புனிதரிடமோ வேண்டிக்கொள்வார்கள். பிழைத்துவிட்டால், நடந்ததைப் படமாக வரையச் சொல்லித் திருத்தலத்தில் மாட்டுவார்கள். வேளாங்கண்ணியில் குவிந்திருக்கும் காணிக்கைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஸ்பானியர்களோடு மெக்சிகோவுக்கு வந்த இந்த வழக்கம் முதலில் கித்தான் படம் வாங்க வசதி உள்ளவர்களோடு நின்றது. 19ஆம் நூற்றாண்டில் தகரத் தகடு மலிவாகக் கிடைத்ததும் குடியானவரும் சுரங்கத் தொழிலாளியும் படம் வரையச் சொல்லி மாட்ட ஆரம்பித்தார்கள். ஹலிஸ்கோ மாநிலத்தின் சான் ஹுவான் தெ லோஸ் லாகோஸ், சகாதேகாஸ் மாநிலத்தின் பிளாதெரோஸ் போன்ற தலங்களில் இப்படங்கள் குவிந்தன.

அந்தக் காலத்துத் தகடுகளில் அடிக்கடி காணும் காட்சி இது. கட்டிலில் நோயாளிப் பெண். தரை நம்மை நோக்கிச் சரிந்திருப்பதால் கட்டில் எந்த நேரமும் வழுக்கி வெளியே வந்துவிடும் போலிருக்கும். பக்கத்தில் மெழுகுவர்த்தியோடு மண்டியிட்ட கணவன். மேல் மூலையில் மேகத்துக்கு நடுவே, முக்கோணமாய் விரிந்த அங்கியில் மாதா. கீழே பட்டையான இடத்தில் இன்னார், இந்த ஊர், இந்தத் தேதி, இன்ன நோய், பிழைக்க வழியில்லை என்றிருந்த நிலை, வேண்டிக்கொண்டது, குணமானது எல்லாம் எழுத்துப்பிழைகளோடு நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். இடம் போதாமல் கடைசி வரி சுருங்கிப்போயிருக்கும்.

வரைந்தவர் பெரும்பாலும் கையெழுத்துப் போடுவதில்லை. குவானஹுவாதோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த எர்மெனெகில்தோ புஸ்தோஸ் (1832–1907) போல ஒரு சிலர் பெயர்தான் நமக்குத் தெரியும். அதில் குறை ஒன்றும் இல்லை. பிழைத்தவர் ஊரறியக் கடன் தீர்க்கிறார். அவர் பெயர் இருந்தால் போதும்.

ஃப்ரீடாவுக்கு வருகிறேன். அவரும் அவர் கணவரான ஓவியர் டியேகோ ரிவேராவும் இவற்றை நூற்றுக்கணக்கில் சேர்த்தார்கள். தான் 1925இல் சிக்கிய பஸ் விபத்தைப் போலவே இருந்த ஒரு பழைய தகடு கிடைத்ததும், அடிபட்ட பெண்ணுக்குத் தன் கூட்டுப் புருவத்தை வரைந்து, பெற்றோர் பெயரில் வியாகுல மாதாவுக்கு நன்றியும் எழுதிவிட்டார். அருமையான வேலை, மறுக்கவில்லை. ஆனாலும் பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது. அது வேறு யாரோ கடன் தீர்த்த தகடு.

அவராவது வலி தெரிந்தவர். சந்தைக்கு அதுவும் கிடையாது. தேவாலயங்களிலிருந்து திருடுபோன தகடுகள் கடல் தாண்டிச் சேகரிப்பாளர்களிடம் போயின. 2019இல் இத்தாலி ஒரே தடவையில் 594 காணிக்கை ஓவியங்களை மெக்சிகோவிடம் திருப்பித் தந்தது. ‘அழகாக இருக்கிறது, வாங்கினேன்’ என்பவர்களிடம் ஒன்று கேட்கலாம்: அடுத்த வீட்டுக்காரர் நேர்ந்து கட்டியதைக் கழற்றிப்போய் உங்கள் வரவேற்பறையில் மாட்டுவீர்களா?

20ஆம் நூற்றாண்டுத் தகடுகளில் அமெரிக்காவுக்குப் போனவர்களும் வருகிறார்கள். எல்லையில் ஓடும் ரியோ பிராவோ ஆற்றில் மூழ்காமல் கரையேறியவர், பாலைவனத்தில் வழி தவறிப் பிழைத்தவர், குடியேற்றக் காகிதம் கைக்கு வந்தவர். அரசாங்கக் கோப்பில் இவர்கள் வெறும் எண்ணிக்கை. தகட்டில் பயந்த முகமும் ஊர்ப் பெயரும் உண்டு. இப்போது பல தலங்களில் புகைப்படமும் சான்றிதழ் நகலும் அந்த இடத்துக்கு வந்துவிட்டன. ‘கலை செத்துவிட்டது’ என்று புலம்புகிறவர்களோடு நான் சேரமாட்டேன். கடன் தீர்க்கிறவருக்கு எது கைக்கு எட்டுகிறதோ அதுவே காணிக்கை.

ஏலக்காரர்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் ஒரே ஒரு கோரிக்கை. ‘ஓவியர்: பெயர் தெரியவில்லை’ என்று அட்டையில் அச்சடிக்கிறீர்களே, அதற்குக் கீழே நன்றி செலுத்தியவரின் பெயரையும் போடுங்கள். தேடி அலைய வேண்டாம், அநேகமாகப் படத்திலேயே எழுதியிருக்கும்.