மிஹ்னியுஃப்: காட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு கிராமம்

இரண்டாம் உலகப் போரில் எரிக்கப்பட்ட கிராமம் என்றால் செக் நாட்டின் லிடிட்சேயைச் சொல்வார்கள், பிரான்சின் ஒராதூரைச் சொல்வார்கள். போலந்தின் மிஹ்னியுஃப்பை யாரும் சொல்வதில்லை. இதில் எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் உண்டு.

வரைபடத்தில் கியெல்ட்செ நகருக்கு வடகிழக்கே தேடிப் பாருங்கள். ஸ்வியென்டோக்ஷிஸ்கி மலைக்காடுகளை ஒட்டிய சின்ன ஊர். ஒரு பக்கம் வார்சாவையும் கிராகோவையும் இணைக்கும் ரயில் பாதை, மறுபக்கம் அடர்ந்த காடு. அந்தக் காட்டுக்குள் விகுஸ் என்ற குன்றில்தான் 1943இல், ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த யான் பிவ்னிக்கின் கெரில்லாப் படை முகாமிட்டிருந்தது. 'பொனூரி' என்பது அவருடைய புனைபெயர். 1941இல் பிரிட்டனிலிருந்து பாராசூட்டில் வந்து குதித்தவர். காட்டில் இருப்பவர்களுக்குச் சோறும் சேதியும் பக்கத்து ஊரிலிருந்துதானே போக வேண்டும்? மிஹ்னியுஃப் அதைச் செய்தது. போதாததற்கு, படைக்குள்ளேயே நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோவின் உளவாளி ஒருவன் இருந்தான்.

1943 ஜூலை 12 அதிகாலையில் ஜெர்மன் போலீஸ் ஊரை வளைத்தது. ஆண்களைக் களஞ்சியங்களில் அடைத்துத் தீ வைத்தார்கள். அன்றிரவே பொனூரியின் ஆட்கள் அந்தப் பாதையில் வந்த ரயிலைத் தாக்கி, 'மிஹ்னியுஃப்புக்காக' என்று பெட்டியில் எழுதிவிட்டுப் போனார்கள். மறுநாள் ஜெர்மானியர்கள் திரும்பி வந்தார்கள். இந்த முறை பெண்கள், குழந்தைகள். இரண்டு நாளில் செத்தவர்கள் 204 பேர். அதில் 48 குழந்தைகள். மிகச் சின்னக் குழந்தை பிறந்து 9 நாள்தான் ஆகியிருந்தது. அப்புறம் அந்த நிலத்தில் வீடு கட்டவோ பயிர் வைக்கவோ கூடாது என்று தடையும் போட்டார்கள்.

ரயிலைத் தாக்காமல் இருந்திருந்தால் இரண்டாம் நாள் நடந்திருக்காது என்று சொல்பவர்கள் உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. முதல் நாள் ஆண்களை உயிரோடு எரித்தபோது எந்த ரயிலும் தாக்கப்பட்டிருக்கவில்லை. கொன்றவனின் கணக்கைக் கொண்டுபோய் எதிர்த்து நின்றவன் தலையில் எழுதுவது நியாயமே இல்லை.

போலந்தில் இப்படித் தண்டிக்கப்பட்ட கிராமங்கள் 800க்கும் மேல். அத்தனைக்கும் சேர்த்து மிஹ்னியுஃப்பில் ஒரு நினைவகம் எழுப்பி, 2021இல் திறந்தார்கள். நீளமான கான்கிரீட் கட்டடம். ஒரு முனையில் கூரையும் சுவரும் முழுசாக இருக்கிற குடிசை வடிவம். உள்ளே போகப் போக வெடிப்பு விழுந்து, பிளந்து, மறுமுனையில் சிதைந்து நிற்கிறது. போர் நினைவுச் சின்னங்களில் இவ்வளவு நேர்மையான ஒன்றை நான் அறிந்ததில்லை. வீரர் சிலை, வாள், கழுகு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு வீடு எப்படி இல்லாமல் போகிறது என்பதை மட்டும் காட்டினால் போதும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். 2017இல் ஜூலை 12ஐப் போலந்துக் கிராமங்களின் போராட்ட, தியாக நாளாகவும் அறிவித்திருக்கிறார்கள்.

போலந்து போகும் நம் ஆட்கள் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். கட்டாயம் பார்க்க வேண்டியதுதான். வார்சாவிலிருந்து கிராகோவுக்குக் காரில் போனால் எஸ்7 நெடுஞ்சாலை சுஹெத்னியுஃப் ஊரை ஒட்டித்தான் போகிறது. அங்கே இறங்கினால் மிஹ்னியுஃப் சில கிலோமீட்டர் தூரம்தான். பயணத் திட்டத்தில் அரை நாள் ஒதுக்குங்கள்.