என்ன பூச்சி என்றே தெரியாமல் எதைத் தெளிக்கச் சொல்கிறீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை மாடித் தோட்டக்காரர்களின் விதைப் பகிர்வுக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "ஏன் பாதியிலேயே கிளம்பிவிட்டீர்கள்?" என்று ஆளாளுக்குக் கேட்பதால் எழுதுகிறேன். வந்திருந்தவர்களுக்கு விஷயம் தெரியும். மேடையில் இருந்தவரின் பெயரை இங்கே இழுக்கப் போவதில்லை. நீங்களும் இழுக்காதீர்கள்.

கூட்டத்துக்கு வந்திருந்த ஓர் அக்கா பையிலிருந்து ஒரு மிளகாய்க் கிளையை எடுத்துக் காட்டினார். இலை எல்லாம் சுருண்டிருந்தது. அவர் கேட்டது ஒன்றுதான்: "இது ஏன் இப்படி ஆகிறது?" அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. வேப்பெண்ணெய் என்றார் ஒருவர். புளித்த மோர், இஞ்சி பூண்டுக் கரைசல், மீன் அமிலம், அடுப்புச் சாம்பல் என்று வரிசையாக வந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து ஒரு புட்டி மருந்தின் பெயரைச் சொல்லி, "உரக்கடையில் கிடைக்கும், ஒரு மூடி போதும்" என்றார். அந்தக் கிளையைக் கையில் வாங்கி இலையைத் திருப்பிப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. நான் எழுந்து, "ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரிக்குக் கொண்டு போய்க் காட்டுங்கள் அக்கா, அங்கேயே வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது" என்றேன். உடனே மேடையிலிருந்து பதில் வந்தது: "அவர்களுக்கு ஏக்கர் கணக்குதான் தெரியும், தொட்டிக் கணக்கு தெரியாது. போனால் விஷத்தை எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள்." கூட்டம் சிரித்தது. கைதட்டல் வேறு.

புட்டி மருந்தைச் சொன்னவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. படித்தவர்களிடம் காட்டுங்கள் என்று சொன்ன என்னைப் பார்த்துதான் சிரித்தார்கள். இதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

மிளகாய் இலை சுருள்வதற்கு ஒரே காரணமா இருக்கிறது? இலைப்பேன் என்ற சிறு பூச்சி சாறு உறிஞ்சினால் இலையின் ஓரங்கள் மேல்நோக்கி மடங்கும். கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் சிலந்தி என்றால் கீழ்நோக்கி வளையும், இலைக்காம்பு வழக்கத்தைவிட நீண்டுவிடும். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸ் என்றால் இலை சிறுத்து, வெளிறி, கொத்தாக நிற்கும். சிலந்தி பூச்சி இனமே இல்லை. அதற்குப் போய் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லியை அடித்தால் சிலந்தி சாகாது. அதைத் தின்று கொண்டிருந்த நல்ல உயிரினங்கள் செத்து, சிலந்தி முன்பைவிடப் பெருகும். வைரஸ் என்றால் எதை அடித்தும் அந்தச் செடி தேறாது. பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டு, வெள்ளை ஈயைக் கவனிக்க வேண்டும். நோய் வெவ்வேறாக இருக்கும்போது ஒரே மூடி எப்படிப் போதும்?

இதெல்லாம் எனக்கு வானத்திலிருந்து வந்துவிடவில்லை. என் மிளகாய்ச் செடிக்கும் இதே சுருட்டல் வந்தபோது, கிளையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு மாட்டுத்தாவணியில் ஒத்தக்கடைக்கு பஸ் ஏறினேன். பூச்சியியல் படித்த ஓர் இளம்பெண் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பி, நடு நரம்பை ஒட்டிய இடத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து, "பாருங்கம்மா" என்றார். வெறும் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. கண்ணாடிக்குள் வெளிர் மஞ்சளாக, ஏறக்குறைய ஒளி ஊடுருவும் உடம்போடு, மஞ்சள் சிலந்திகள் ஊர்ந்து கொண்டிருந்தன. வேப்பெண்ணெய் ஏதாவது அடித்தீர்களா, எப்போது அடித்தீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். பிறகு தண்ணீரில் கலந்து தெளிக்கும் நனையும் கந்தகத்தைச் சொன்னார். வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்க வேண்டும், வேப்பெண்ணெய் தெளித்த கையோடு இதைத் தெளித்தால் இலை கருகிவிடும் என்றார். அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் படித்த ஆள் வேண்டும் என்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மருந்து சொன்ன யாராவது அக்காவிடம் அதைக் கேட்டார்களா?

அவர் கொடுத்தது விஷமும் இல்லை. இயற்கை வேளாண்மையிலேயே அனுமதிக்கப்பட்ட பொருள்தான் கந்தகம்.

"போனால் யாரும் கண்டுகொள்வதில்லை, போன் எடுப்பதில்லை" என்பீர்கள். சில நாள் அப்படியும் நடக்கும், ஒப்புக்கொள்கிறேன். வயல் ஆய்வுக்குப் போயிருப்பார்கள், காத்திருக்க வேண்டி வரும். விவசாயிகள் போனில் ஆலோசனை கேட்கும் கிசான் அழைப்பு மையம் 2004 முதல் இருக்கிறது, 1800-180-1551, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையமே 1974-இல் பக்கத்துப் புதுச்சேரியில், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் தொடங்கியது. ஒத்தக்கடைக் கல்லூரியும் அந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததுதான். இவ்வளவு அருகில் இருப்பதை விட்டுவிட்டு, ஏதோ குளிர் தேசத்துக்காரர் எடுத்த வீடியோவைப் பார்த்து மதுரை வெயிலில் வேலை செய்கிறோம்.

"விஷம் எழுதிக் கொடுப்பார்கள்" என்ற பேச்சுக்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. 2008-இல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சியை மறந்துவிட்டீர்களா? பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. எங்கள் அப்பா வைத்த பப்பாளி மரத்தில் காய், தண்டு, இலை எல்லாம் வெள்ளைப் பஞ்சாக அப்பியிருந்தது. காயைத் தொட்டால் கை பிசுபிசுக்கும். ஊரில் இருந்த மருந்தையெல்லாம் ஆளாளுக்கு அடித்தார்கள். மெழுகுப் போர்வைக்கு அடியில் அது சுகமாக இருந்தது. அதை அடக்கியது எந்தப் புட்டியும் இல்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த, கடுகைவிடச் சிறிய ஒரு குளவி. அசிரோபேகஸ் பப்பாயே என்று பெயர். அதைப் பெருக்கித் தோட்டம் தோட்டமாக விட்டதில் நீங்கள் கிண்டல் செய்த அதே பல்கலைக்கழகத்துக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தபோதும், ரசாயனம் அடிக்காதீர்கள், அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா ஒட்டுண்ணி செத்துவிடும் என்று விவசாயிகளிடம் மன்றாடியவர்கள் அவர்கள்தான். இலையில் படிந்த கரும்பூசணத்துக்கு மைதா மாவுக் கரைசல் தெளிக்கச் சொன்னார்கள். மைதா மாவு விஷமா?

அடுத்து இயற்கை வேளாண்மைக்காகப் பாடுபட்ட நம்மாழ்வார் ஐயாவை முன்னால் நிறுத்துவீர்கள். அவர் மீது எனக்கு உங்களைவிட மரியாதை குறைவில்லை. அவரே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர், கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். அங்கே நடந்த முறை பிடிக்காமல்தான் வெளியே வந்தார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பயிரைப் பார்க்காமல் வைத்தியம் சொல்லும் வழக்கத்துக்கு அவர் பெயரைக் கேடயமாகப் பிடிப்பது அவருக்குச் செய்யும் மரியாதையா?

"எங்களுக்கு அனுபவம் இருக்கிறது" என்கிறீர்கள். இருக்கட்டும். அனுபவம் உள்ள ஒருவர்தான், பக்கத்து வீட்டுச் செம்பருத்தியில் வெள்ளை இழைகளோடு ஊர்ந்த புழுக்களைப் பெரிய மாவுப்பூச்சி என்று சொல்லி, சோப்புத் தண்ணீரில் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கொல்ல வைத்தார். அவை கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழுக்கள். மாவுப்பூச்சியைத் தின்பதற்காகவே வந்தவை. உடம்பில் அதே வெள்ளை மெழுகு இருப்பதால் ஏமாற்றும். இழை நீளமாக இருக்கும், சுறுசுறுப்பாக ஓடும். தெரிந்தவருக்கு அந்த ஓட்டமே போதும். தெரியாமல் காவல்காரரைக் கொன்றுவிட்டு, பிறகு மாவுப்பூச்சி அடங்கவில்லை என்று அழுதால் என்ன அர்த்தம்?

வெண்டையில் நரம்பு மஞ்சளாகி மற்ற இடம் பச்சையாக இருந்தால் அது மஞ்சள் நரம்புத் தேமல், வைரஸ். நரம்பு பச்சையாக நின்று மற்ற இடம், அதுவும் புது இலையில், மஞ்சளானால் பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறை. எங்கள் தெருவின் போர்வெல் தண்ணீருக்கு இது சகஜம். அன்னபேதி என்ற இரும்பு உப்பின் கரைசலைத் தெளித்தால் தேறிவிடும். ஒன்று பிடுங்க வேண்டிய செடி, மற்றது காப்பாற்ற வேண்டிய செடி. இரண்டையும் "மஞ்சள் நோய்" என்று சொல்லி ஒரே கரைசலை ஊற்றச் சொல்கிறீர்கள். என்ன நோய் என்று தெரியாமல் எதையும் தெளிக்காதீர்கள் என்றுதானே நான் சொன்னேன்? அதில் சிரிக்க என்ன இருந்தது?

"ஒரு மிளகாய்ச் செடிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்பவர்களும் உண்டு. என் பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேரே மாடிக்கு ஓடித் தக்காளியைச் செடியிலிருந்தே பறித்துக் கடிக்கிறாள். கழுவுவதுகூட இல்லை. வயலில் மருந்தடித்தால் எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. "ஒரு மூடி" சொன்னவர் அந்தக் கணக்கைச் சொன்னாரா? மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லியைக் காய்கறிகளில் பயன்படுத்த 2005-லேயே தடை விதித்தார்கள். அந்தத் தடை தெரியாமல் அதை மாடித் தோட்டத்துக்குச் சிபாரிசு செய்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். பெண்கள் வளர்க்கும் தொட்டிச் செடிதானே, எதையாவது சொல்லி அனுப்பலாம் என்ற நினைப்பு இதில் இருக்கிறது. இத்தனை வருடம் செடி வளர்த்த என்னையே ஒலிவாங்கியில் அடக்கிவிட்டார்கள். புதிதாக வந்த ஒரு பெண் இனி எழுந்து சந்தேகம் கேட்பாளா?

அடுத்த கூட்டத்துக்கு ஒரு பூச்சியியல் ஆசிரியரை அழையுங்கள் என்று ஒருங்கிணைப்பாளர்களுக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை யாரும் காத்திருக்க வேண்டாம். மதுரையில் இருப்பவர்கள் ஒத்தக்கடைக்கே போகலாம். வெளியூர்க்காரர்கள் உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தை விசாரியுங்கள். போகும்போது காய்ந்து போன இலையைக் கிள்ளிக்கொண்டு போகாதீர்கள். பாதிப்பு இப்போதுதான் தொடங்கிய கிளையாகப் பார்த்து, காலையில் பறித்து, காகிதத்தில் சுற்றி அன்றே கொண்டு போங்கள். செடி முழுவதும் வாடுகிறது என்றால் வேரோடும் வேர் மண்ணோடும் எடுத்துப் போங்கள். வேரில் முடிச்சு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தண்டை வெட்டித் தண்ணீரில் பிடித்து, பால் போல ஏதாவது கசிகிறதா என்று பார்ப்பார்கள். கசிந்தால் அது பாக்டீரியா வாடல். இதுவரை என்னென்ன தெளித்தீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அதைக் கட்டாயம் கேட்பார்கள்.