லீவு உண்டா இல்லையா, அதை மட்டும் சொல்லித் தொலையுங்கள்!

ராத்திரி பத்து மணிக்கு எல்லார் போனிலும் வந்து விழுந்ததே, அந்தச் செய்தியைத்தான் சொல்கிறேன். "நாளை பள்ளிகளுக்கு விடுமுறையா? சற்றுமுன் ஆட்சியர் வெளியிட்ட முக்கிய அறிவிப்பு!" கூடவே, குடை பிடித்துக்கொண்டு சிரிக்கும் சீருடைப் பிள்ளைகள் படம். எந்த வருஷத்துப் படமோ, அந்தப் பிள்ளைகளுக்கு இந்நேரம் கல்யாண வயது வந்திருக்கும். வெளியே மழை கொட்டுகிறது. காலையில் டிபன் பாக்ஸ் கட்ட வேண்டுமா, ஈர ஷூவை ஃபேனுக்கடியில் வைக்க வேண்டுமா, வேன்காரருக்கு என்ன பதில் சொல்வது, எல்லாம் இந்த ஒரு பதிலில் தொங்குகிறது. தொடாமல் இருக்க நாம் என்ன ரிஷிகளா?

தொட்டாயிற்று. முதலில் வருவது செய்தி அல்ல, ஒரு பெட்டி: "உடனுக்குடன் செய்திகளைப் பெற நோட்டிஃபிகேஷனை அனுமதியுங்கள்." நோட்டிஃபிகேஷனைத் தொட்டு உள்ளே வந்தவனிடம் கேட்கிற கேள்வியைப் பாருங்கள். "அனுமதி" என்பது பச்சையில், கட்டைவிரல் அகலத்துக்கு. "பிறகு" என்பது சாம்பல் நிறத்தில், எறும்பு கண்ணாடி போட்டுப் படிக்கிற அளவில். அதைத் தள்ளினால் ஆப்பை இறக்கச் சொல்லி அடுத்த பெட்டி. அதையும் தள்ளினால் திரையின் கீழ்ப்பாதியில் ஒரு நகைக்கடை உட்கார்ந்திருக்கிறது.

சரி, முதல் பத்தி. தலைப்பையே வாக்கியமாக்கி எழுதியிருக்கிறார்கள். பள்ளிகளுக்கு விடுமுறை விடப்படுமா என்ற கேள்வி எழுந்துள்ளதாம். எழுந்ததால்தானே ஐயா வந்தோம்!

இரண்டாம் பத்தியில் வடகிழக்குப் பருவமழை தீவிரமடைகிறது. மூன்றாவதில் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அடுத்து ஒரு விளம்பரம். அதற்கடுத்து "இதையும் படிங்க: தங்கம் விலை அதிரடி." பிறகு மூலையிலிருந்து ஒரு வீடியோ தானாக எழுந்து ஓட ஆரம்பிக்கிறது, சத்தமில்லாமல், இந்தச் செய்திக்கு ஒட்டோ உறவோ இல்லாமல். அதை மூடும் பெருக்கல் குறியைக் குறிபார்த்து அழுத்தப் போகிற அந்தக் கணத்தில் பக்கம் முழுக்க ஒரு குதி குதிக்கிறது. விரல் விளம்பரத்தில் விழுகிறது. பிளே ஸ்டோர் திறக்கிறது. ரம்மி ஆட வரச்சொல்கிறார்கள்.

திரும்பி வந்தால் பக்கம் மறுபடி முதலிலிருந்து. மறுபடி பருவமழை தீவிரமடைகிறது. மறுபடி தாழ்வு மண்டலம். ஆறாம் பத்தியில் நுங்கம்பாக்கம் வானிலை மையம் "நாளை கனமழை" என்று சொன்னதாக வருகிறது. எந்த நாளின் நாளை? தேதி கிடையாது. ஏழாம் பத்தியில் மாணவர்கள் மத்தியில் எதிர்பார்ப்பு எழுந்துள்ளது. அப்புறம் "மேலும் படிக்க" என்று ஒரு பொத்தான், அதற்குப் பிறகும் ஒரு விளம்பரம், அதையும் தாண்டிக் கடைசிப் பத்தி: அவசர உதவிக்குக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணில் அழைக்கலாம் என்று ஆட்சியர் தெரிவித்துள்ளார். விடுமுறை குறித்த அறிவிப்பு வெளியாகும் என எதிர்பார்க்கப்படுகிறது.

முடிந்தது கதை. முக்கிய அறிவிப்பு என்பது 1077! வருஷம் முழுக்க மாறாத எண். அதற்கு "சற்றுமுன்" வேறு.

இதை ஏதோ ஒரு சோம்பேறி கவனமில்லாமல் எழுதிவிட்டான் என்று நினைக்காதீர்கள். அளவெடுத்துத் தைத்த சட்டை இது. இணைய விளம்பரக் கணக்கில், ஒரு பட விளம்பரம் பார்க்கப்பட்டதாக எண்ணப்பட வேண்டுமானால் அதன் பரப்பில் பாதியாவது தொடர்ந்து 1 வினாடி திரையில் இருக்க வேண்டும். வீடியோ என்றால் 2 வினாடி. முதல் வரியில் "லீவு இல்லை" என்று சொல்லிவிட்டால் நீங்கள் அடுத்த வினாடி கிளம்பிவிடுவீர்கள். மேலே இருக்கும் ஒரு பட்டை மட்டும் கணக்கில் ஏறும், கீழே வரிசையாக நிற்கும் 300க்கு 250 பிக்சல் விளம்பரப் பெட்டிகள் எல்லாம் வீண். ஆகவே பதிலை நான்காவது பெட்டிக்குக் கீழே புதைக்க வேண்டும். பதிலே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, புதைத்த மேடு மட்டும் இருந்தால் போதும்.

பக்கம் குதிப்பதும் அப்படித்தான். விளம்பரம் வந்து சேருமுன் அதற்கான உயரத்தை ஒதுக்கி வைத்திருந்தால் எழுத்து அசையாது. பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் ஸ்டைல்ஷீட்டில் ஒரு வரி வேலை. ஒதுக்காமல் விட்டால் எழுத்து முதலில் வரும், விளம்பரம் பிந்தி வந்து அதைக் கீழே தள்ளும், உங்கள் விரல் இருந்த இடத்தில் ரம்மி வந்து நிற்கும். இந்த நகர்வை அளக்க கூகுளே ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது, 0.1க்குள் இருந்தால்தான் நல்ல பக்கம். நம் தளங்கள் சிலவற்றை அளந்தால் அளவுகோலுக்கே தலை சுற்றும். இதில் பேக் பட்டனை வேறு கடத்தி வைத்திருக்கிறார்கள். வெளியே போக அழுத்தினால், பிரவுசரின் வரலாற்றில் இவர்களாகவே செருகி வைத்த இன்னொரு பக்கம் திறக்கும், "போகுமுன் இதையும் பாருங்கள்" என்று. கல்யாண வீட்டில்கூட இவ்வளவு உபசாரம் கிடையாது.

கேள்விக்குறியின் மகிமையை விட்டுவிட்டேனே. "விடுமுறை" என்று போட்டால் பொய். "விடுமுறையா?" என்று போட்டால் பொய்யில்லை, யாரும் கேள்வி கேட்க முடியாது. ஒரு சுழியில் தர்மம் காப்பாற்றப்பட்டது.

அடுத்து, நேற்றைய செய்தி இன்று வருகிற மாயம். பக்கத்தின் நிரலுக்குள் இரண்டு நேரங்கள் இருக்கும்: முதலில் வெளியிட்டது, கடைசியாகத் திருத்தியது. ராத்திரி ஒரு காற்புள்ளியை மாற்றிச் சேமித்தால் திருத்திய நேரம் புதுசாகிவிடும். மேலே அந்த நேரத்தை மட்டும் காட்டுவார்கள். செவ்வாய்க்கிழமை எழுதிய "இன்று 4 மாவட்டங்களில் விடுமுறை" புதன்கிழமை காலை ஆறு மணிக்குச் சுடச்சுட உங்கள் போனில் நிற்கும். அதை நம்பிப் பிள்ளையைத் தூங்கவிட்டவர்கள் எத்தனை பேரோ. போனில் கூகுள் தானாகவே செய்திகளை அடுக்கிக் காட்டுகிற டிஸ்கவரில் படம் பெரிதாக வர வேண்டுமானால் குறைந்தது 1200 பிக்சல் அகலம் வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு. அகலத்தை எல்லோரும் சரியாகப் பார்க்கிறார்கள். படம் எந்த வருஷம், எந்த ஊர் என்று பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை போல.

ஊர் என்றதும் எரிகிறது. "சென்னைப் பள்ளிகளுக்கு விடுமுறை" என்று போடுகிறார்களே, எந்தச் சென்னை? விடுமுறை விடுவது மாவட்ட ஆட்சியர். தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர். ஓஎம்ஆரில் செம்மஞ்சேரி வரை சென்னை மாவட்டம், அதைத் தாண்டி நாவலூர் செங்கல்பட்டு. ஒரே சாலை, ஒரே மழை, இந்தப் பக்கம் லீவு, அந்தப் பக்கம் முழங்கால் தண்ணீரில் ஸ்கூல் பஸ். நாவலூர்ப் பிள்ளை "சென்னை" என்பதைப் படித்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டால் அது பிள்ளையின் குற்றமா? இன்னொன்று, பள்ளிகளுக்கு மட்டுமா, கல்லூரிகளுக்கும் சேர்த்தா என்பது. ஆட்சியரின் அறிவிப்பில் அது தெளிவாகவே இருக்கும். தலைப்புக்கு வரும்போது காணாமல் போயிருக்கும். ஹாஸ்டலில் உட்கார்ந்திருப்பவனும் தொட வேண்டுமே!

ரெட் அலர்ட் என்றாலே லீவு என்று ஒரு தலைமுறையையே பழக்கியும் வைத்தாயிற்று. வானிலை மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. அந்த 24 மணி நேரமும் நள்ளிரவில் தொடங்குவதில்லை, காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30க்கு முடிகிறது. எச்சரிக்கை நிறம் நிர்வாகம் எந்த அளவுக்குத் தயாராக வேண்டும் என்பதற்கு. மாவட்டத்தில் ஓரிரு இடங்கள் என்றால் ஓரிரு இடங்கள்தான், உங்கள் தெருவுக்கு உத்தரவாதம் இல்லை. இந்த நான்கு வரியை ஒரு படமாகப் போட்டால் பிள்ளைகள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். போடுவார்களா? ஒருமுறை புரிந்துவிட்டால் அப்புறம் யார் தினமும் தொடுவது?

உண்மையான அறிவிப்பு எப்படி வருகிறது தெரியுமா? ராத்திரியோ விடிகாலையோ மழை நிலவரத்தைப் பார்த்து ஆட்சியர் முடிவெடுப்பார். பள்ளிக்கல்வி அதிகாரிகளுக்குப் போகும். செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் செய்தியாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். பெரும்பாலும் ஆட்சியரின் எக்ஸ் பக்கத்திலும் வரும். மொத்தம் ஒன்றரை வரி. மாவட்டம், தேதி, பள்ளியா கல்லூரியா, தீர்ந்தது. அந்த ஒன்றரை வரியைத்தான் பன்னிரண்டு பத்தியாக ஊதி நமக்கு விற்கிறார்கள். ஆட்சியரின் பக்கத்தை நேராகப் பார்க்கலாமே என்றால், அதன் கீழே "சார் ப்ளீஸ் சார்", "தெய்வமே லீவு விடுங்க" என்று ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் குடியேறியிருக்கிறார்கள். அதையும் படம்பிடித்து "ஆட்சியரிடம் கெஞ்சிய மாணவர்கள்! வைரலாகும் பதிவு" என்று தனிச் செய்தி.

இதையெல்லாம் எழுதுகிறவர் யார் என்று பாருங்கள், அது இன்னொரு கொடுமை. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயசுப் பிள்ளை. இதழியலோ விஸ்காமோ படித்துவிட்டு, நாலு ஊருக்குப் போய் நாலு பேரைப் பார்த்து எழுதலாம் என்று வந்திருப்பார். வகுப்பில் தலைகீழ்ப் பிரமிடு சொல்லிக்கொடுத்திருப்பார்கள்: யார், என்ன, எங்கே, எப்போது எல்லாம் முதல் பத்தியிலேயே, முக்கியமில்லாதது கடைசியில். பக்கத்தில் இடம் போதாவிட்டால் துணை ஆசிரியர் கீழிருந்து வெட்டுவார், சேதமில்லை. அலுவலகத்தில் சேர்ந்த அன்றே அந்தப் பிரமிடைத் திருப்பி நிறுத்திவிடுகிறார்கள். எந்தச் செய்தியில் இந்த நிமிஷம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஓடும் திரைதான் இப்போது ஆசிரியர். போட்டித் தளம் ஒரு விடுமுறைச் செய்தி போட்டால் அதைப் பார்த்து வரி மாற்றி இங்கே ஒன்று. கூடவே மாவட்டத்துக்கு ஒன்றாகத் தலைப்பை மட்டும் மாற்றி அதே செய்தி. ஏ.சி. அறையில் உட்கார்ந்து நாள் முழுக்க மழையைப் பற்றி எழுதுகிற அந்தப் பிள்ளை, பஸ் ஏற வெளியே வரும்போதுதான் மழையைப் பார்க்கும்.

யூடியூபில் இன்னும் விசேஷம். 2020 ஜூலையில் வந்த மாற்றத்தின்படி 8 நிமிட வீடியோ என்றாலே நடுவில் விளம்பரம் செருகலாம், அதற்கு முன்பு 10 நிமிடம் வேண்டியிருந்தது. அதனால்தான் ஒன்றரை வரி அறிவிப்புக்கு எட்டு நிமிடம் மூன்று வினாடி. "வீடியோவை ஸ்கிப் பண்ணாம பாருங்க மக்களே" என்று தொடங்கி, 2015 டிசம்பர் வெள்ளக் காட்சிகளை ஓட்டி, "உங்க மாவட்டம் என்னன்னு கமென்ட்ல சொல்லுங்க" என்று முடிப்பார்கள். நீ சொல்லுவாய் என்றுதானே நாங்கள் வந்தோம்?

ஆனால் பிள்ளைகள் விவரமாகிவிட்டார்கள். எட்டாம் வகுப்புப் பையன் வீடியோவைப் பார்ப்பதே இல்லை. திறந்ததும் நேராகக் கமென்ட்டுக்குப் போகிறான். அங்கே யாரோ ஒரு புண்ணியவான் "லீவு இல்ல, டைம் வேஸ்ட் பண்ணாதீங்க" என்று போட்டிருப்பார். அதற்கு மேலே ஓடுகிற எட்டு நிமிடத்தைவிட அதுதான் செய்தி. சம்பளமில்லாத, பெயர் தெரியாத அந்த ஆளைத்தான் இந்தப் பையன் நம்புகிறான், தலைப்பை நம்புவதில்லை. நாளைக்கு உண்மையிலேயே ஏரி உடைந்து "உடனே வெளியேறுங்கள்" என்று தலைப்பு வந்தாலும் கமென்ட்டைத்தான் பார்ப்பான்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் அடுத்த கட்டத்துக்கே போய்விட்டார்கள்: தாங்களே செய்தி தயாரிக்கிறார்கள். ஒரு சேனலின் பழைய நியூஸ் கார்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நடுவில் எழுத்தை அழித்து, "நாளை விடுமுறை" என்று தட்டி, வகுப்பு குரூப்பில் போட்டால் அரை மணியில் அது ஹெட்மாஸ்டருக்கே திரும்பி வருகிறது. கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. அழித்த இடத்தைச் சுற்றி நிறம் திட்டுத்திட்டாக இருக்கும், எழுத்துரு அந்தச் சேனலுடையதாக இருக்காது, தேதி இருக்க வேண்டிய மூலையை வெட்டியிருப்பார்கள், சேனலின் சொந்தப் பக்கத்தில் தேடினால் அந்தக் கார்டே இருக்காது. வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் பலமுறை கைமாறியது என்று அர்த்தம். 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். அதனால் என்ன, அத்தைகள் பொறுமையாக ஒவ்வொருவருக்காக அனுப்புகிறார்கள். போலிக் கார்டு போட்ட பையனைத் திட்டலாம் என்றால் வாய் வரவில்லை. அவனுடைய கார்டில் மாவட்டம் இருந்தது, தேதி இருந்தது, முதல் வரியிலேயே விஷயம் இருந்தது. பொய் என்ற ஒரு குறையைத் தவிர, அதுதான் அன்றைக்கு வந்ததிலேயே ஒழுங்காக எழுதிய செய்தி.

சிரிப்புத்தான் வருகிறது, போங்கள். விடிகாலை ஐந்தரைக்கு ஒருவழியாக லீவு விட்டார்கள், ஆறரைக்கு வெயில் அடித்தது, பத்து மணிக்கு எல்லாத் தெருவிலும் கிரிக்கெட். அதற்கு ஈடாக இந்தச் சனிக்கிழமை பள்ளி உண்டு என்று மெசேஜ் வந்திருக்கிறது. சரி, சனிக்கிழமைக்கு எந்தக் கிழமை டைம்டேபிள்? செவ்வாயா, வியாழனா? எந்த நோட்டை வைப்பது? பி.டி. உண்டென்றால் வெள்ளை ஷூ துவைக்க வேண்டும், அது இந்த ஈரத்தில் காயவே இரண்டு நாள் ஆகும். இத்தனை தளம், இத்தனை சேனல், இத்தனை "சற்றுமுன்", இதைப் பற்றி ஒருத்தராவது ஒரு வரி எழுதினார்களா?