ஆள் குறைவதால் மட்டும் மொழி சாவதில்லை

“பேசுகிறவர்கள் குறைந்தால் மொழி தானாகச் செத்துப்போகும், அதற்கு யார் என்ன செய்ய முடியும்?” மொழி பற்றி எந்த விவாதம் நடந்தாலும் இப்படிச் சொல்ல ஒருவர் வந்துவிடுகிறார். பருவமழை பொய்த்ததைப் போல, யாருக்கும் பொறுப்பில்லாத காரியம் என்ற தொனி. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. வழக்கு எந்த மொழியில் நடக்கிறது, பிரசங்கம் எந்த மொழியில் நடக்கிறது, பிள்ளைக்குப் பாடம் எந்த மொழியில் சொல்லித் தருகிறார்கள் என்று கேளுங்கள். தலைக்கணக்கைப் பிறகு பார்க்கலாம்.

வட அட்லாண்டிக் தீவுகளைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு இந்த எண்ணம் உறுதியாகிக்கொண்டே போகிறது. ஆர்க்னி, ஷெட்லாந்து, ஃபரோ, ஐஸ்லாந்து. கிட்டத்தட்ட 8, 9ஆம் நூற்றாண்டுகளில் நார்வேயின் மேற்குக் கரையிலிருந்து படகேறி வந்தவர்கள் பழைய நார்ஸ் என்ற ஜெர்மானிய மொழியை இந்தத் தீவுகள் எல்லாவற்றிலும் ஊன்றினார்கள். ஒரே மொழி, ஏறக்குறைய ஒரே காலம். ஆனால் இன்று ஐஸ்லாந்தில் அது செழித்து நிற்கிறது, ஃபரோவில் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பியிருக்கிறது, ஆர்க்னியிலும் ஷெட்லாந்திலும் இல்லை.

அது வேரூன்றிய விதத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆர்க்னியும் ஷெட்லாந்தும் ஆளில்லாத நிலம் அல்ல, அங்கே பிக்ட் மக்கள் வாழ்ந்தார்கள். ஷெட்லாந்தின் பிரெஸ்ஸே தீவில் கிடைத்த ஒரு சிலுவைக்கல்லில், ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்தில், ‘மகள்’ என்பதற்கு நார்ஸ் சொல்லும் ‘மகன்’ என்பதற்கு அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்து மொழியான கேலிக்கின் சொல்லும் ஒரே வாசகத்தில் இருப்பதாக அறிஞர்கள் படிக்கிறார்கள். அந்தக் கலப்புக் காலம் நீடிக்கவில்லை. பிக்ட் மொழி அடியோடு போனது. ஃபரோவில் அதற்கு முன்பு தவம் செய்துவந்த ஐரிஷ் துறவிகள் நார்ஸ் கொள்ளையர்களால் இடத்தைக் காலி செய்துவிட்டார்கள் என்று 825 வாக்கில் டிகுயில் என்ற ஐரிஷ் துறவி எழுதிவைத்திருக்கிறார். ஐஸ்லாந்தில் இன்னொரு விஷயம். அங்குள்ள மக்களின் மரபணுவை ஆராய்ந்தால் தந்தைவழி பெரும்பாலும் ஸ்காண்டிநேவியா, தாய்வழி பாதிக்கு மேல் ஸ்காட்லாந்து, அயர்லாந்து பக்கம். அடிமையாகப் பிடித்துவரப்பட்டவர்களும் மனைவியாக வந்தவர்களுமாக, அந்த அம்மாக்களில் பலர் கேலிக் பேசியிருப்பார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகள் பேசியது நார்ஸ். பண்ணை அப்பன் பெயரில் இருந்தது, வழக்கும் ஊர்க்கூட்டமும் அப்பன் மொழியில் நடந்தன. தாய்ப்பால் கொடுத்தவளின் மொழி ஓரிரு தலைமுறையில் காணாமல் போனது. மொழி எப்படிப் பரவுகிறது என்பதற்கு இதைவிட வலிக்கிற சான்று வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை.

பிறகு அதே நார்ஸ் மொழிக்கும் நாள் வந்தது. டென்மார்க், நார்வே மன்னன் முதலாம் கிறிஸ்டியன் தன் மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்து மன்னன் மூன்றாம் ஜேம்ஸுக்குக் கட்டிக்கொடுத்தான். வரதட்சணை 60,000 ஃபுளோரின். கையில் காசில்லை. 1468இல் 50,000க்கு ஆர்க்னியை அடமானம் வைத்தான். மீதி 10,000இல் 2,000தான் புரட்ட முடிந்தது, 1469இல் 8,000க்கு ஷெட்லாந்தும் அடமானம். மீட்கவே இல்லை. ஸ்காட்லாந்துப் பிரபுக்களும் பாதிரியார்களும் குடியானவர்களும் வந்து இறங்கினார்கள். 1611இல் எடின்பரோவிலிருந்து வந்த ஆணை அந்தத் தீவுகளின் பழைய நார்ஸ் சட்டத்தை ‘அந்நியச் சட்டம்’ என்று சொல்லி ஒழித்தது. அறுநூறு எழுநூறு வருடம் அந்த மண்ணில் புழங்கிய சட்டம் அந்நியமாம்!

மதச் சீர்திருத்தம் வந்தபோது நடந்ததுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஐஸ்லாந்துக்காரர்கள் 1540இல் புதிய ஏற்பாட்டையும் 1584இல் முழு பைபிளையும் தங்கள் மொழியிலேயே அச்சில் பார்த்துவிட்டார்கள். டென்மார்க் மன்னரின் ஆட்சியில் இருந்த ஃபரோவுக்கு டேனிஷ் பைபிள் வந்தது. ஷெட்லாந்தில் ஆங்கில பைபிள். ஞாயிற்றுக்கிழமைதோறும் கடவுள் வேறு மொழியில் பேசினால், வீட்டில் பேசும் மொழி மட்டமானது என்ற நினைப்பு தானே வரும். ஃபரோ மொழியில் 1823இல் மத்தேயு நற்செய்தி வந்தபோது மக்களே முகம் சுளித்தார்கள். அடுப்படியில் பேசுவதைப் போய்த் தேவாலயத்தில் பேசுவதா என்று!

இங்கேதான் ஆள் கணக்கைக் கவனியுங்கள். 1801 வாக்கில் ஷெட்லாந்தில் 22,000 பேர் இருந்தார்கள். ஃபரோவில் 5,000 சொச்சம். ‘ஆள் குறைந்தால் சாகும்’ என்பது விதியானால் ஃபரோ மொழிதான் முதலில் போயிருக்க வேண்டும். போனது நோர்ன், அதாவது ஷெட்லாந்திலும் ஆர்க்னியிலும் பேசப்பட்ட நார்ஸ். 1774இல் ஜார்ஜ் லோ என்ற பாதிரியார் ஃபௌலா தீவில் ஒரு முதியவரிடம் 35 பத்திகள் கொண்ட நோர்ன் கதைப்பாடலைக் கேட்டு, மொழி தெரியாமலே, காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார். பாடியவராலேயே வரிக்கு வரி பொருள் சொல்ல முடியவில்லை, கதையின் சாரத்தைத்தான் சொன்னார்.

ஃபரோவில் குளிர்கால இரவுகளில் கைகோத்து வட்டமாக ஆடிக்கொண்டே நீண்ட கதைப்பாடல்களைப் பாடும் பழக்கம் விடாமல் இருந்தது. ஸ்காட்லாந்து ஷெட்லாந்துக்குப் பக்கம், டென்மார்க் ஃபரோவுக்குத் தூரம். அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாட்டும் தூரமும் மட்டும் காப்பாற்றியிருக்கும் என்று நான் நம்பவில்லை. அந்தப் பாடல்களை 1780களில் எழுதிவைத்த ஃபரோ அறிஞர் ஸ்வாபோவே, இந்த மொழி தேறாது, ஒழுங்கான டேனிஷுக்கு மாறிவிடலாம் என்று நினைத்தவர். 1844இல் டென்மார்க்கில் ஃபரோ பள்ளிக்கூடங்கள் பற்றிப் பேச்சு வந்தபோது, அது மொழியே இல்லை, வெறும் வட்டார வழக்கு என்றார்கள். கொதித்தெழுந்து பதில் எழுதிய ஃபரோ இளைஞர் ஹம்மர்ஷைம்ப். கோபத்தோடு நிற்காமல் 1846இல் அந்த மொழிக்கு முறையான எழுத்துக்கூட்டலை வகுத்தார். அதன் மேல் ஒவ்வொன்றாக ஏறியது: 1888 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஃபரோவின் தலைநகர் தோர்ஷாவ்னில் மொழிக்காகவே ஒரு கூட்டம், 1938இல் பள்ளியில் பாடமொழி, 1948 தன்னாட்சிச் சட்டத்தில் முதன்மை மொழி. நூறு வருடப் போராட்டம்.

இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் மனிதர் யாகோப் யாகோப்சன். ஃபரோக்காரர், மொழியியலாளர். 1893இல் ஷெட்லாந்துக்கு வந்து இரண்டு வருடத்துக்கு மேல் வீடு வீடாகப் போய், மக்களின் பேச்சில் ஒட்டிக்கொண்டிருந்த நோர்ன் சொற்களைச் சுமார் பத்தாயிரம் திரட்டினார். அவற்றில் பல கடலில் மட்டும் பிழைத்திருந்தவை. ஆழ்கடலுக்குப் போகும் மீனவர்கள் பாதிரியாரையும் பூனையையும் கரையில் சொல்லும் பெயரால் படகில் சொல்லக் கூடாது, அபசகுனம். அங்கே பழைய சொற்கள் வேண்டியிருந்தன. சொந்த ஊரில் மொழிக்கான போராட்டம் நடந்துகொண்டிருந்தபோது, தோற்றுப்போன அண்டைத் தீவின் சொற்களைச் சேர்த்த மனம் அது.

இன்று ஃபரோவில் சுமார் 54,000 பேர். பள்ளிக்கூடம், வானொலி, சட்டமன்றம் எல்லாம் அவர்கள் மொழியில். கூகுள் மொழிபெயர்ப்பில் இடம் இல்லை என்றதும் 2017இல் தீவு மக்களே வீடியோவில் தோன்றி, கேட்டவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லி உலகத்தின் கவனத்தை இழுத்தார்கள். 2024இல் ஃபரோ மொழி அதில் சேர்ந்தது. நாலு லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்தில், பிள்ளைகள் கைப்பேசியில் ஆங்கிலத்திலேயே மூழ்கிக் கிடக்கிறார்கள் என்ற கவலை வந்ததும் அரசு கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. கணினி ஐஸ்லாந்து மொழியைக் கேட்கவும் பேசவும் பழக, 2019 முதல் ஐந்தாண்டுத் திட்டம் போட்டுப் பணம் ஒதுக்கியது.