அடி வாங்குகிறவள்தான் பண்பாட்டையும் சுமக்க வேண்டுமா?

சனிக்கிழமை கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கு இந்நேரம் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும். ஆனால் நேற்று ராத்திரி, அன்று மேடையில் பேசிய தோழரே "சிலர் உணர்ச்சிவசப்பட்டு விவாதத்தைத் திசை திருப்பிவிட்டார்கள்" என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். அந்தச் "சிலர்" நான் ஒருத்திதான். அதனால் உணர்ச்சிவசப்பட்டவள் தரப்பையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

அவர் பேசியதன் சாரம் இது. மெக்சிகோவின் சியாபஸிலும் பக்கத்து நாடான குவாத்தமாலாவிலும், புருஷன் அடி தாங்காமல் வீட்டை விட்டு வரும் மாயா பூர்வகுடிப் பெண்களுக்குத் தங்க இடம் கொடுத்து, தொழில் கற்றுக்கொடுத்து, சொந்தக் காலில் நிற்க வைக்கிற அமைப்புகள் எல்லாம் பூர்வகுடிகளின் கூட்டு வாழ்வை உடைக்கின்றனவாம். அந்தப் பெண்களைக் குடும்பத்திலிருந்து பிய்த்தெடுத்துச் சந்தையில் தள்ளுகின்றனவாம். சொல்லி முடித்ததும் கைதட்டல். முன்வரிசையில் இருந்த இரண்டு பெண்களும் தட்டினார்கள், அதையும் பார்த்தேன்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான், அன்றைக்கும் அதைத்தான் கேட்டேன், மைக்கை வாங்கிவிட்டார்கள். பண்பாட்டைக் காப்பாற்றுகிற பொறுப்பு ஏன் எப்போதும் அடி வாங்குகிறவள் தலையில் மட்டும் விழுகிறது? அடிக்கிறவன் ஜீன்ஸ் போடலாம், லாரி ஓட்டலாம், கான்குனுக்குக் கட்டட வேலைக்குப் போகலாம், ஸ்பானிஷ் பேசலாம், அங்கேயே இன்னொரு குடும்பம்கூட வைத்துக்கொள்ளலாம், அப்போதெல்லாம் கூட்டு வாழ்வுக்கு ஒரு கீறலும் விழுவதில்லை. அவள் ஒரு குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினால் மட்டும் மாயா நாகரிகமே ஆட்டம் கண்டுவிடுகிறது.

தோழர் அன்று போட்டிருந்த டி-சட்டையைக் கவனித்தீர்களா? முகமூடி போட்ட சபதிஸ்தா பெண் படம், அதாவது சியாபஸில் ஆயுதம் ஏந்திய பூர்வகுடிப் போராளி இயக்கத்தின் பெண். அழகான சட்டை. அந்தப் பெண்கள் என்ன கேட்டார்கள் என்பதையும் சட்டையில் அச்சடித்திருந்தால் எனக்கு இவ்வளவு டைப் செய்கிற வேலை மிச்சம். 1994 ஜனவரி 1-ல் சபதிஸ்தாக்கள் சியாபஸின் சான் கிறிஸ்டோபல் நகரத்துக்குள் நுழைந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய ஆண்டு, 1993 மார்ச்சில், அவர்களுக்குள்ளேயே ஒரு சண்டை நடந்து முடிந்திருந்தது. ரமோனா, சுசானா என்ற இரண்டு பெண் தளபதிகள் ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் பேசி, பத்து அம்சங்கள் கொண்ட பெண்களின் புரட்சிகரச் சட்டத்தைக் கொண்டுவந்து இயக்கத்தை ஏற்கவைத்தார்கள். துணையைத் தேர்ந்தெடுக்க உரிமை உண்டு, கட்டாயக் கல்யாணம் கூடாது என்பது ஏழாவது. வீட்டாரோ வெளியாரோ எந்தப் பெண்ணையும் அடிக்கக் கூடாது என்பது எட்டாவது. எழுதியது ஜெனீவாவில் இல்லை தோழர், நியூயார்க்கிலும் இல்லை. எந்த என்.ஜி.ஓ. வந்து கையைப் பிடித்து எழுத வைத்தது? ரமோனா ட்சோட்சில் என்ற மாயா இனத்துப் பெண், பூத்தையல் போட்டுப் பிழைத்தவர். சபதிஸ்தா ஊர்களில் சாராயத்துக்குத் தடை வந்ததே, அதற்குப் பின்னால் நின்றதும் பெண்கள்தான். குடித்துவிட்டு வருகிறவன் கையில் யார் முதலில் சிக்குவார்கள் என்று அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

சரி, "மேற்கத்தியர்கள் பெண்ணுரிமையைச் சொல்லித்தான் பூர்வகுடிகளைக் காட்டுமிராண்டி என்கிறார்கள், நீங்களும் அவர்களுக்கு ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறீர்கள்" என்பீர்கள். இதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. பூர்வகுடிகளுக்குச் சுயாட்சி கொடுத்தால் பெண்களை மிதிப்பார்கள் என்று மெக்சிகோவின் அரசியல்வாதிகள் திடீர்ப் பெண்ணியவாதிகளாகி முதலைக் கண்ணீர் வடித்தது நடந்ததுதான். அவர்களுக்குப் பதில் சொன்னதும் ஒரு மாயா பெண்தான். 2001 மார்ச் 28 அன்று சபதிஸ்தா தளபதி எஸ்தர், முகமூடியோடு, மெக்சிகோ நாடாளுமன்றத்தில் நின்று பேசினார். எங்கள் வழக்கங்களில் எது நல்லது எது கெட்டது என்று எங்களுக்குத் தெரியும் என்றார். பெண்ணை அடிப்பது, விற்பது வாங்குவது, விருப்பமில்லாமல் கட்டி வைப்பது எல்லாம் கெட்ட பட்டியலில் என்று வெளிப்படையாகச் சொன்னார், அதே மூச்சில் சுயாட்சியும் வேண்டும் என்றார். ஒரே பேச்சில் இரண்டையும் கேட்க அவரால் முடிந்தது. நம் ஆட்களுக்கு மட்டும் இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடிகிறது, அதுவும் எப்போதும் அந்த ஒன்றைத்தான்.

அப்புறம் ஃபோம்மாவைப் பற்றி அவர் சொன்னது. "வெளியாட்கள்" என்றார். ஃபோம்மா என்றால் மாயா பெண்ணின் வலிமை என்ற பெயரின் சுருக்கம், 1994-ல் சான் கிறிஸ்டோபலில் தொடங்கினார்கள். தொடங்கியவர்கள் பெட்ரோனா தே லா குரூஸ் குரூஸ், இசபெல் ஹுவாரெஸ் எஸ்பினோசா. ஒருவர் சினகந்தானிலிருந்து வந்த ட்சோட்சில், இன்னொருவர் அகுவாகதெனாங்கோவைச் சேர்ந்த ட்செல்டால், அதுவும் ஒரு மாயா இனம்தான். இருவருமே நகரத்து வீடுகளில் வேலைக்காரியாக இருந்தவர்கள். ஆண்கள் கை ஓங்கியிருந்த ஒரு நாடகக் குழுவில் இருந்து, வெளியேறி, தாங்களே நாடகம் எழுதி, பெண்களே ஆண் வேஷமும் கட்டி, குடித்துவிட்டு வந்து அடிக்கிறவனை மேடையில் ஏற்றிக் காட்டினார்கள். பக்கத்திலேயே எழுத்தறிவு வகுப்பு, தையல், ரொட்டி சுடுகிற பயிற்சி, அம்மாக்கள் கற்கிற நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இடம். இதில் யார் வெளியாள்? நான் வெளியாள், ஒத்துக்கொள்கிறேன். நீங்களும் வெளியாள்தான் தோழர். அவர்கள் எப்படி?

நான் வேலை நிமித்தம் கொஞ்ச காலம் சான் கிறிஸ்டோபலில் இருந்தவள் என்பது இங்கே பழைய நண்பர்களுக்குத் தெரியும். கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கும் மேலே இருக்கிற ஊர், விடிகாலையில் பல் கிட்டும். என் வாடகை வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு ரொட்டி அடுப்பு நடத்தினார்கள், ஃபோம்மா இல்லை, வேறு ஒரு சின்னக் குழு. குளிர் காயவே நான் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். அங்கே ஒரு பெண் இருந்தாள், சாமூலா பக்கத்து ஊர், கருப்பு ஆட்டுரோமப் பாவாடை, இடுப்பைச் சுற்றி இறுக்கிய அகலப் பட்டை. அதற்கு முன்னால் சாந்தோ தொமிங்கோ கோயில் சந்தையில் நூல் வளையல் விற்றவள். விற்ற காசை அந்த இடுப்புப் பட்டையின் மடிப்பில்தான் சுருட்டி வைப்பாளாம். சாயங்காலம் புருஷனின் தம்பி வருவான், பேச்சே கிடையாது, கையை நீட்டுவான், அவள் பட்டையை அவிழ்த்து எண்ணிக் கொடுக்க வேண்டும். குறைந்தால் ராத்திரி வீட்டில் தெரியும்.

ஒருமுறை புகார் கொடுக்கவும் போயிருக்கிறாள். அலுவலகத்தில் இருந்தவருக்கு ஸ்பானிஷ் மட்டும்தான், இவளுக்கு ட்சோட்சில் மட்டும்தான். கூட வந்திருந்த யாரையோ மொழிபெயர்க்கச் சொல்லியிருக்கிறார். கூட வந்திருந்தது யார்? அதே கொழுந்தன். அடித்தவனின் தம்பி வாய் வழியாக அடி வாங்கியவள் புகார் சொல்ல வேண்டும். குடும்பத் தகராறு, சமாதானமாகப் போய்விட்டார்கள் என்று எழுதி முடித்துவிட்டார்களாம். இதை என்னிடம் சொன்னபோது அவள் மாவை உருட்டிக்கொண்டே இருந்தாள். நடுவில் நின்று மொழிபெயர்த்த சின்னப் பெண்தான் குரல் உடைந்து நிறுத்திவிட்டாள்.

ரொட்டி அடுப்பில் சேர்ந்து முதலில் கையில் கூலி வந்ததும் அவள் வாங்கியது ஒரு பூட்டு. சின்னப் பித்தளைப் பூட்டு, வாடகை அறைக்கு. சாவியைச் சிவப்பு நூலில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். தோழர் இதைத்தான் "சந்தையில் தள்ளப்படுவது" என்கிறார். சந்தையில் அவள் ஏற்கெனவே இருந்தாள் ஐயா! காசு மட்டும்தான் அவளிடம் இல்லை. இப்போதும் அதே பாவாடை, பிள்ளையிடம் அதே ட்சோட்சில், மத்தியானத்தில் தூணில் ஒரு முனையையும் இடுப்பில் ஒரு முனையையும் கட்டி அதே தறி. கூட்டு வாழ்வு உடைந்துவிட்டதாம். அந்த அடுப்பைச் சுற்றி ஒருத்தி பிள்ளையை இன்னொருத்தி தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்களே, அதற்கு என்ன பெயர்?

அடுத்து "வறுமை, போர், தோட்டங்களின் சுரண்டல் இதையெல்லாம் பேசாமல் ஆண்களை மட்டும் குற்றவாளியாக்குகிறீர்கள்" என்ற வாதம். பேசலாமே. குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர், சுமார் 2 லட்சம் பேர் செத்தார்கள் அல்லது காணாமல் போனார்கள், ஐ.நா. ஆதரவோடு அமைந்த உண்மையறியும் ஆணையம் அடையாளம் கண்டவர்களில் 83 சதவீதம் மாயா மக்கள். இதை நான்தான் பல வருஷமாக இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். அதே போரில் செபூர் சார்க்கோ என்ற ஊரில் என்ன நடந்தது? நிலப்பட்டா கேட்ட க்கெக்ச்சி மாயா ஆண்களை ராணுவம் கொண்டுபோய்விட்டு, அவர்களின் மனைவிமாரை முகாமில் அடிமையாக வைத்துச் சமைக்கவும் துவைக்கவும் வைத்து வல்லுறவும் செய்தது. அந்தப் பெண்கள் வழக்காடி 2016 பிப்ரவரியில் தீர்ப்பு வாங்கினார்கள், ஒரு ராணுவ அதிகாரிக்கு 120 ஆண்டு, ஒரு துணைப்படைக்காரனுக்கு 240 ஆண்டு. முகத்தைத் துணியால் மூடிக்கொண்டுதான் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்குப் பயந்து மூடினார்கள்? எதிரி ராணுவத்துக்கு மட்டுமா? தப்பு செய்தவள் மாதிரி இத்தனை வருஷம் அவர்களைப் பார்த்தது சொந்த ஊரும்தானே. போர் முடிந்தாலும் வெட்கத்தைச் சுமப்பது அவள் வேலையாகத்தான் இருந்தது.

காரணம் இருக்கிறது என்பதற்காக அடிக்க லைசென்ஸ் கிடைத்துவிடாது. குவாத்தமாலாவின் 2008-ஆம் ஆண்டுச் சட்டம், பெண் கொலைக்கும் பெண்கள் மீதான வன்முறைக்கும் எதிரானது, இதை நேராகவே எழுதியிருக்கிறது. பண்பாடு, மதம், வழக்கம் எதையும் காரணம் காட்டித் தப்பிக்க முடியாது என்று அதன் 9-ஆம் பிரிவு சொல்கிறது. காசைப் பிடுங்கிக்கொள்வதையும் அது வன்முறை என்றே கணக்கில் எடுக்கிறது. இதே நாட்டின் சிவில் சட்டம் 1990-களின் கடைசி வரை, புருஷன் போதுமான அளவு சம்பாதித்தால் பெண்டாட்டி வெளியே வேலைக்குப் போவதை அவன் எதிர்க்கலாம் என்று வைத்திருந்தது. ஒரு பெண் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் வரை போன பிறகுதான் மாற்றினார்கள். அது மாயா மரபா? ஸ்பானிஷில் எழுதின அரசாங்கச் சட்டம். அப்போது மட்டும் யாரும் பண்பாடு போச்சே என்று கத்தவில்லை.

என் சின்ன அத்தையைப் பற்றி அன்று சொன்னதற்குத்தான் "தனிப்பட்ட விஷயங்களைக் கலக்காதீர்கள் அம்மா" என்றார் தோழர். அத்தை சம்பாதித்தவள். சம்பளக் கவர் பிரிக்காமல் மாமா கையில் போகும். பெட்டியோடு வந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் தாத்தா மோர் குடிக்க வைத்து, அதே பஸ்ஸில் திரும்ப ஏற்றிவிடுவார். நல்ல மனுஷன் என் தாத்தா, யாரிடமும் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை, ஊரே சொல்லும். அத்தை போய்ச் சேர்ந்தபிறகும் ஊர் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறது. தனிப்பட்ட விஷயமாம். உலகத்தில் இத்தனை பெண்களுக்கு நடக்கிற ஒன்று ஒவ்வொருத்திக்கும் தனிப்பட்ட விஷயமாகவே இருந்துவிடுகிற அதிசயத்தை யாராவது விளக்குங்கள்.

"எல்லா அமைப்பும் யோக்கியமா?" என்று ஒரு தம்பி உள்பெட்டியில் கேட்டிருக்கிறான். இல்லை தம்பி. பாதிக்கப்பட்ட பெண்ணின் முகத்தைப் படம் எடுத்து அறிக்கையில் போட்டுக் காசு தேடுகிறவர்களும் இருக்கிறார்கள், நன்கொடை நின்றதும் கதவைச் சாத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்காக அடி வாங்கியவளை வீட்டுக்கே போகச் சொல்வாயா? இருக்கிறதில் மோசமானதைத் திருத்து, இல்லையென்றால் நீயே நல்லதாக ஒன்று நடத்து. உதவி என்று நான் சொல்வது பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது. ராத்திரிக்குப் படுக்க இடம், அவள் மொழி பேசுகிற ஒருத்தி, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள், அவள் பெயரில் வருகிற காசு. இதில் எந்த வரியில் ஏகாதிபத்தியம் இருக்கிறது, காட்டுங்கள்.

கைக்கூலி என்றும் ஒருவர் எழுதியிருந்தார். கூலி வந்ததும் சொல்கிறேன், பாதி உங்களுக்கு.

சொல்ல மறந்துவிட்டேன், அடுத்த மாதக் கூட்டத்தில் என்னையும் பேச அழைத்திருக்கிறார்கள். தலைப்பு "மாயா நெசவுக் கலை". வண்ணங்கள், வடிவங்கள், பாரம்பரியம் இதோடு நிறுத்திக்கொண்டால் நன்றாக இருக்கும், குடும்ப விவகாரம் வேண்டாம் என்று போனில் மிகப் பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு மேல்சட்டையை நெய்ய மாதக்கணக்கில் ஆகும் என்பதில் தொடங்கி, சந்தையில் அதை எப்படி அடித்துப் பேரம் பேசுகிறார்கள், விற்ற காசு சாயங்காலம் யார் கைக்குப் போகிறது என்பது வரை பேசுவேன். அதுவும் நெசவுதானே. மைக்கை மட்டும் கொஞ்சம் நீள வயராகப் பார்த்து வையுங்கள், இந்த முறை எட்டிப் பிடுங்க முடியாத இடத்தில் நின்று பேசுகிறேன்.