பரணில் கிடந்த தாத்தாவின் துப்பாக்கி

அமெரிக்க நகரங்களில் துப்பாக்கியைத் தாமாகக் கொண்டுவந்து ஒப்படைப்பவர்களுக்குப் பரிசு அட்டை தருகிறார்கள். இதனால் பயனில்லை என்று சொல்லும் ஒரு கட்டுரை, "ரவுடி எவனாவது வந்து கொடுப்பானா?" என்று கேட்கிறது. கொடுக்க மாட்டான், சரி. ஆபத்து ரவுடியிடம் மட்டும்தானா இருக்கிறது?

புரசைவாக்கத்தில் எங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி கோணிச் சாக்கில் சுற்றிக் கிடந்தது. உரிமம் அவர் பெயரில். அவர் போன பிறகு யாரும் அதை நினைக்கவே இல்லை. தீபாவளிக்கு ஒட்டடை அடிக்க ஏறிய தம்பி, அப்போது எட்டாம் வகுப்பு, விசையில் விரல் வைத்தபடி இறங்கி வந்தான். அம்மா போட்ட கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. அப்புறமும், வழக்கு வருமோ என்று பயந்து அப்பா மாதக்கணக்கில் ஒப்படைக்கவில்லை. "கேள்வி கேட்க மாட்டோம்" என்று போலீஸ் சொல்லியிருந்தால் மறுநாளே கொடுத்திருப்பார்.

அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில் துப்பாக்கி இருந்தால் அந்த ஆபத்து கூடுகிறது. ஆஸ்திரேலியாவில் துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கியதை, தாமாக வந்து ஒப்படைக்கும் இந்தத் திட்டத்தோடு சேர்க்கக் கூடாது. 1996இல் போர்ட் ஆர்தர் என்ற ஊரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பின், அங்கே தடைச் சட்டம் போட்டு, கட்டாயமாக விலைக்கு வாங்கினார்கள். 6 லட்சத்துக்கு மேல் துப்பாக்கிகள் வந்தன.

இங்கே தேர்தல் நேரத்தில் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் வாங்கி வைக்கிறார்கள். அப்போதே இறந்தவர்கள் பெயரில் இருப்பதையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாமே.